ஸ்டென்ட் வைத்தவர்களின் நிலை: அன்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு வேறுபாடு?

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவரின் தந்தையாருக்கு 2002-ஆம் ஆண்டில் இதயத் தமனியில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்தபடி தாங்கி நிறுத்தும் சிறு உலோக வலைக்குழாய்) வைக்கப்பட்டது. சில மாதங்களிலேயே அதே இடம் மறுபடி சுருங்கி, கடைசியில் பைபாஸ் அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது. இப்போது கேட்டவருக்கே ஸ்டென்ட் வைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களின் நிலை உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறதா, அல்லது பெயரும் விலையும் மட்டும்தான் மாறியிருக்கின்றனவா என்று அவர் கேட்கிறார்.

மேம்பட்டிருக்கிறது, நிறையவே மேம்பட்டிருக்கிறது. ஆனால் எதை எண்ணிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மூன்றாகப் பிரியும். ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி சுருங்குவதும் அதற்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதும் பன்மடங்கு குறைந்துவிட்டன. மாரடைப்போடு மருத்துவமனைக்கு வருபவர் பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பும் வெகுவாகக் கூடியிருக்கிறது, ஆனால் அதன் முழுப் பெருமையும் ஸ்டென்டுக்கு உரியதன்று. மாரடைப்பு இல்லாமல், மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு பிடிக்கிறது என்று வருகிற நிலையான நோயாளியின் ஆயுளை நீட்டுவதைப் பொறுத்தவரை, எவ்வளவு நவீனமான ஸ்டென்டும் பெரிய ஆய்வுகளில் தன்னை நிரூபித்துக் காட்டவில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "ஸ்டென்ட் உயிரைக் காக்கும்" என்று ஒருவரும் "ஸ்டென்ட் வெறும் வியாபாரம்" என்று இன்னொருவரும் சொல்ல, இருவர் பேச்சும் பாதி சரியாக இருக்கிறது.

கதை ஸ்டென்டில் தொடங்கவில்லை, பலூனில் தொடங்குகிறது. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆந்த்ரேயாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் சிறு பலூனைச் செலுத்தி, அடைப்பு இருந்த இடத்தில் அதை ஊதி விரித்தார். பத்தாண்டுகள் கழித்து எடுத்த ஆஞ்சியோகிராமிலும் அந்த இடம் திறந்தே இருந்தது. அந்த முதல் நோயாளிக்குக் கிடைத்த பலன் பின்னால் வந்த எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பலூன் அடைப்பைக் கரைப்பதில்லை. கொழுப்புப் படிவைப் பிளந்து, தமனிச் சுவரை இழுத்து விரிக்கிறது. அப்படி விரிந்த சுவர் பலூனை எடுத்ததும் மீண்டும் சுருங்கலாம், கிழிந்த உட்படலம் மடிந்து விழுந்து ரத்த ஓட்டத்தையே மறிக்கலாம். பலூன் காலத்தில் நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத் தமனி சில மணி நேரத்திலேயே திடீரென அடைத்துக்கொண்டது. அதனால் பக்கத்து அறுவை அரங்கில் பைபாஸ் குழுவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பலூன் ஊதினார்கள். அந்த ஆபத்தைத் தாண்டியவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் அதே இடம் சுருங்கியது.

1986-ஆம் ஆண்டு பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவேலும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிக் சிக்வார்ட்டும் முதன்முதலாக மனிதத் தமனிக்குள் உலோக வலைக்குழாயை வைத்தபோது, அவர்கள் தீர்க்க நினைத்தது இந்தச் சிக்கலைத்தான்: விரித்த சுவர் மீண்டும் மூடாமல் முட்டுக் கொடுத்து நிறுத்துவது. முட்டு நின்றது, ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. ரத்தத்தோடு உரசிக்கொண்டிருக்கும் அந்நிய உலோகத்தின் மேல் ரத்தம் உறையும். அந்த முதல் வகை ஸ்டென்ட் வைக்கப்பட்ட 105 ஐரோப்பிய நோயாளிகளின் நிலையை 1991-இல் வெளியிட்டபோது, வைக்கப்பட்ட ஸ்டென்டுகளில் 24 சதவீதம் முழுதும் அடைத்துப் போயிருந்தன. நான்கில் ஒன்று! இன்று ஒரு கருவி அந்த எண்ணிக்கையோடு வந்தால், அதன் கதை அன்றே முடிந்துவிடும்.

ஸ்டென்டைக் காப்பாற்றியது உலோகத்தில் செய்த மாற்றம் மட்டுமன்று. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்று இதுதான், ஆனால் பொதுமக்களிடம் அதிகம் பேசப்படாததும் இதுதான். 1994-இல் பெனெஸ்டென்ட், ஸ்ட்ரெஸ் என்ற இரண்டு ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளிவந்து, வெறும் பலூனைவிட ஸ்டென்டே மேல் என்று காட்டின. பெனெஸ்டென்டில் மறுசுருக்கம் 32 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகவும், ஸ்ட்ரெஸ்ஸில் 42 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 32 சதவீதமாகவும் குறைந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். ரத்தம் உறையக் கூடாது என்பதற்காக நோயாளிக்கு ஹெப்பாரின், வார்ஃபரின், ஆஸ்பிரின், டிப்பிரிடமோல் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தமனிக்குள் நுழைந்த வழியோ தொடை இடுக்கு. அங்கே ரத்தம் நிற்காமல் கசிந்து, தொடை வீங்கி, மேலே மணல் மூட்டையை ஏற்றிவைத்து, நோயாளி காலை மடக்காமல் நாள்கணக்கில் படுத்திருந்தார். பெனெஸ்டென்டில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சராசரியாக எட்டரை நாள் மருத்துவமனையில் இருந்தார்கள், பலூன் மட்டும் போட்டவர்கள் மூன்று நாள். ரத்தக்கசிவு முதலான சிக்கல்கள் 13.5 சதவீதத்துக்கு எதிராக 3.1 சதவீதம். இத்தனை செய்தும் நூற்றில் மூன்று நான்கு பேருக்கு ஸ்டென்ட் உறைந்து அடைத்தது.

மிலான் நகரில் அன்டோனியோ கொலம்போவும் அவரது குழுவினரும் தமனிக்குள்ளேயே நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்திப் பார்த்தபோது காரணம் ஒன்று தெரிந்தது. ஆஞ்சியோகிராம் படத்தில் அழகாகத் தோன்றிய ஸ்டென்டுகள் பல உள்ளே சரியாக விரியவே இல்லை. சுவரோடு ஒட்டாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன. அதிக அழுத்தத்தில் பலூனை ஊதி ஸ்டென்டைச் சுவரோடு அழுத்திப் பதித்துவிட்டால், வார்ஃபரின் இல்லாமலே சமாளிக்கலாம் என்று 1995-இல் அவர்கள் காட்டினார்கள். மறு ஆண்டு மியூனிக்கில் நடந்த ஐசார் ஆய்வு கேள்வியை முடித்தே வைத்தது: ஆஸ்பிரினோடு டிக்ளோபிடின் என்ற மாத்திரையை (ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைவதைத் தடுப்பது) கொடுத்தவர்களில் 0.8 சதவீதத்தினருக்கே ஸ்டென்ட் அடைத்தது, பழைய முறைப்படி ரத்த உறைவு எதிர்ப்பு மருந்து கொடுத்தவர்களிலோ 5.4 சதவீதம். ரத்தக்கசிவும் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. டிக்ளோபிடினின் இடத்தைப் பின்னால் குளோபிடோக்ரல் பிடித்தது. இன்று ஸ்டென்ட் வைத்த எல்லார் வீட்டு மாத்திரைப் பெட்டியிலும் இருக்கிற அந்த இரட்டை மாத்திரையின் பிறப்பிடம் இந்த ஆய்வுதான்.

ஆக, 1990-களின் கடைசியில் முதல் நாள் ஆபத்தும் முதல் மாத ஆபத்தும் பெருமளவு கட்டுக்குள் வந்துவிட்டன. எஞ்சி நின்றது ஆறு மாத ஆபத்து, அதாவது உங்கள் தந்தையாருக்கு வந்தது. ஸ்டென்ட் சுவரைக் காயப்படுத்துகிறது; காயம் ஆறும்போது சுவரின் தசைச் செல்கள் பெருகி, வலைக் கண்களின் வழியே உள்ளே வளர்ந்து, குழாயை மறுபடி குறுக்குகின்றன. இது கொழுப்புப் படிவு அன்று, தழும்பு. அதனால்தான் உணவுக் கட்டுப்பாட்டை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் அது வந்தது. "நான் பத்தியமாகத்தானே இருந்தேன்" என்று அந்நாளில் மனம் நொந்து கேட்டவர்கள் பலர். அவர்கள்மேல் குற்றமே இல்லை. வெறும் உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கேனும் இது நடந்தது. சர்க்கரை நோய், மெல்லிய தமனி, நீளமான அடைப்பு ஆகியவை இருந்தால் இன்னும் அதிகம்.

அந்தத் தழும்பை அடக்க, செல் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தை உலோகத்தின் மேல் பூசி மெல்ல மெல்லக் கசியவிடலாம் என்ற யோசனை 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் எதுவார்தோ சோசாவின் கையால் நோயாளியின் உடலுக்குள் போயிற்று. மருந்து சிரோலிமஸ், பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 2002-இல் ரேவல் ஆய்வின் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் மறுசுருக்கம் வெறும் உலோகத்தில் 26.6 சதவீதம், மருந்து பூசியதில் சுழியம். மருத்துவ ஆய்வுகளில் சுழியத்தைக் காண்பது அபூர்வம். சற்றே கடினமான அடைப்புகளோடு நடந்த அடுத்த ஆய்வில் அது சுழியமாக இருக்கவில்லை என்றாலும், ஒன்பது மாதத்துக்குள் அதே இடத்துக்கு மறு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 16.6 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாகக் குறைந்தார்கள். அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2003 ஏப்ரலில். 2002-இல் வைக்கப்பட்டது என்றால் உங்கள் தந்தையாருக்கு வைத்தது பெரும்பாலும் வெறும் உலோகமாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு நேர்ந்ததை வைத்து உங்களுக்கு நேரப்போவதைக் கணிக்க முடியாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் செல் பெருக்கத்தைத் தடுக்கிற மருந்து, தழும்பை மட்டும் பார்த்துத் தடுக்காது. உலோகக் கம்பிகளின் மேல் தமனியின் சொந்த உட்படலம் வளர்ந்து போர்த்திவிட்டால்தான் ரத்தம் அதை அந்நியப் பொருளாகக் கருதாமல் விடும். வெறும் உலோகத்தில் சில வாரங்களில் நடந்துவிடுகிற இந்தப் போர்த்தல், மருந்து பூசியதில் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தாமதப்பட்டது. இறந்தவர்களின் தமனிகளை ரேணு விர்மானி முதலிய நோய்க்குறியியல் வல்லுநர்கள் வெட்டிப் பார்த்தபோது, ஓராண்டு கடந்தும் போர்த்தப்படாமல் கிடந்த கம்பிகள் கண்ணில் பட்டன. 2004-இல் நான்கு நோயாளிகளைப் பற்றிய சிறிய அறிக்கை ஒன்று வந்தது. நால்வருக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. வேறு ஏதோ அறுவைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்திய சில நாட்களில் ஸ்டென்ட் உறைந்து மாரடைப்பு வந்தது. பல் பிடுங்கவோ கண் அறுவைக்கோ போகும்போது, ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லிச் சொல்லித் தொண்டை வறள்வது இதனால்தான்.

2006 செப்டம்பரில் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் இது புயலாக வெடித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களிடம் மரணமும் மாரடைப்பும் கூடுகின்றன என்று அங்கே ஒரு தொகுப்பாய்வு வாசிக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் சுவீடனின் தேசியப் பதிவேட்டிலிருந்து, ஏறக்குறைய 20,000 நோயாளிகளின் கணக்கு வெளியானது: முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு, மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களிடம் ஆண்டுக்கு அரை சதவீதம் கூடுதல் மரணம். உலகெங்கும் இதன் பயன்பாடு சடசடவெனக் குறைந்தது. இங்கேதான் காலத்தோடு பலன்களை ஒப்பிடுவதில் இருக்கிற பொறி தெரிகிறது. அதே சுவீடன் பதிவேடு, பிந்தைய ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 48,000 பேரை நீண்ட காலம் கவனித்து 2009-இல் மறுபடி கணக்குப் போட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. 2003-ஆம் ஆண்டில் வைக்கப்பட்டவர்களிடம் மட்டுமே அது தென்பட்டது, அதற்குப் பின் வைக்கப்பட்டவர்களிடம் இல்லை. புதிய கருவி வரும் முதல் ஆண்டில் அது யாருக்கு வைக்கப்படுகிறது, எவ்வளவு பழக்கத்தோடு வைக்கப்படுகிறது, எத்தனை மாதம் மாத்திரை தரப்படுகிறது என்பதெல்லாம் கருவியின் குணமாகத் தோற்றம் காட்டிவிடும். மருத்துவச் செய்திகளில் "புதிய ஆய்வு அதிர்ச்சி" என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுவீடன் கணக்குதான் நினைவுக்கு வரும்.

ஆனாலும் அந்தப் பீதி வீணாகவில்லை. முதல் தலைமுறையின் குறை உண்மையான குறைதான். அதைக் களைய வேண்டிய கட்டாயம் அப்போது ஏற்பட்டது. முதல் தலைமுறை ஸ்டென்டின் கம்பி 140 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் கொண்டது. 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, எவரோலிமஸ் என்ற மருந்து பூசிய ஸ்டென்டின் கோபால்ட்-குரோமியக் கம்பி 81 மைக்ரான், ஏறக்குறைய நம் தலைமுடியின் பருமன். கம்பி மெலிந்தால் காயம் குறைகிறது, ரத்த ஓட்டம் அதைச் சுற்றிச் சுழிப்பது குறைகிறது, உட்படலம் விரைவில் போர்த்துகிறது. மருந்தைத் தாங்கும் பாலிமர் பூச்சும் உடலுக்கு ஒத்துப்போகிறதாக மாறியது. இதன் பலனை மிகத் தெளிவாகக் காட்டுவது நார்வேயின் நார்ஸ்டென்ட் ஆய்வு. அதில் 9,013 பேருக்கு நவீன மருந்து ஸ்டென்டோ நவீன வெறும் உலோக ஸ்டென்டோ வைத்து ஆறு ஆண்டுக் கணக்கை 2016-இல் வெளியிட்டார்கள். ஸ்டென்ட் உறைதல் மருந்து ஸ்டென்டில் 0.8 சதவீதம், வெறும் உலோகத்தில் 1.2 சதவீதம். பத்தாண்டுக்கு முன் எந்தக் குற்றச்சாட்டுக்காக அது கூண்டில் ஏற்றப்பட்டதோ, அதிலேயே இப்போது அது முந்தியிருந்தது. மறு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 16.5 சதவீதம், 19.8 சதவீதம். மரணமோ மாரடைப்போ நேர்ந்தவர்கள் 16.6 சதவீதம், 17.1 சதவீதம், இங்கே வேறுபாடு இல்லை.

மெல்லியதை நோக்கிய இந்தப் பயணத்தில் சறுக்கலும் உண்டு. வேலை முடிந்ததும் தானே கரைந்துபோகும் ஸ்டென்ட் ஒன்று 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதி பெற்றது; 2017 செப்டம்பரில் தயாரிப்பாளரே விற்பனையை நிறுத்திக்கொண்டார். கரையும் பிளாஸ்டிக்குக்கு உறுதி வேண்டும் என்பதற்காக அதன் கம்பி மறுபடி 150 மைக்ரானைத் தொட்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் உறைதல் 2.3 சதவீதம், ஒப்பிடப்பட்ட உலோக ஸ்டென்டில் 0.7 சதவீதம். கேட்க இனிமையான யோசனை என்பதால் நம்மூர்களிலும் அதற்குப் பெரிய விளம்பரம் இருந்தது.

நவீன ஸ்டென்டின் முதல் ஓராண்டு இப்படி அமைதியாகக் கழிகிறது என்றால், அதற்குப் பிறகு? 19 ஆய்வுகளில் இடம்பெற்ற 25,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவை ஒன்றுசேர்த்து 2020-இல் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை தருகிறது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். முதல் ஆண்டு முடிந்த பிறகு, ஐந்தாம் ஆண்டு வரை, ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதத்தினருக்கு ஸ்டென்ட் வைத்த இடம் தொடர்பான மாரடைப்போ மறு சிகிச்சையோ மரணமோ நேர்கிறது. வெறும் உலோகம், முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை ஆகிய மூன்று வகையிலும் இந்த வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை; ஐந்தாண்டு வரை அது ஓய்வதாகவும் தெரியவில்லை. ஸ்டென்டுக்குள் வளரும் புதுப் படலத்திலேயே காலப்போக்கில் கொழுப்பு படிந்து அது புதிய அடைப்பாக உருவெடுப்பது ஒரு காரணம். மணி, நாள், மாதம் என்ற அளவில் இருந்த ஆபத்துகளை நாற்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வென்றுவிட்டோம். ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும் ஆபத்து மட்டும் அசையாமல் நிற்கிறது.

இனி உயிர் பிழைப்பதைப் பற்றி. மாரடைப்பின்போது தமனி முழுதாக அடைத்திருக்கும் நிலையில், உடனே பலூன் வைத்துத் திறப்பது, கட்டியைக் கரைக்கும் ஊசியைவிட மேலானது என்பது 2003-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்தபோதே உறுதியாயிற்று: குறுகிய கால மரணம் 9 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. பிரான்சில் 1995-க்கும் 2010-க்கும் இடையில் பெரிய மாரடைப்புக்குப் பிந்தைய 30 நாள் மரணம் 13.7 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாகச் சரிந்தது. அதே காலத்தில் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனும் ஸ்டென்டும் கொண்டு தமனியைத் திறக்கும் சிகிச்சை) பெற்றவர்கள் 12 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாக உயர்ந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஸ்டென்டின் வேலை என்று தோன்றும். ஆனால் அந்தப் பதிவேட்டிலேயே, தமனியைத் திறக்கும் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களிடமும் மரணம் குறைந்திருந்தது. நோயாளிகளின் சராசரி வயதும் ஏறக்குறைய மூன்றாண்டு குறைந்திருந்தது. வலி வந்ததும் முன்பைவிடச் சீக்கிரம் உதவி கேட்டு அழைத்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் முதலிய மருந்துகள் ஆரம்பத்திலேயே கொடுக்கப்பட்டன. அமைப்பு மாறியதில் ஸ்டென்டும் ஒரு பகுதி, அவ்வளவே.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. எல்லா ஊரிலும் கேத் லேப் (ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் செய்யும் அரங்கு) இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, சிறிய மருத்துவமனைகளில் முதலில் கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு பெரிய மையத்துக்கு அனுப்பி ஒரு நாளுக்குள் ஆஞ்சியோகிராம் செய்யும் கூட்டமைப்பு ஒன்று இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டு, 2017-இல் முடிவு வெளியானது. ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 61 சதவீதமாக உயர்ந்தார்கள்; ஓராண்டு மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. புதிய கருவி எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ், இசிஜி, முன்கூட்டியே வகுத்த ஏற்பாடு. அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய், வெறும் உலோகத்துக்கு 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்ததும், பணம் இல்லை என்பதற்காக மட்டும் பழைய வகையைத் தேர்வு செய்ய வேண்டிய நிலையைக் குறைத்தது.

நிலையான நெஞ்சுவலிக் கதை வேறு. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர். நல்ல மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதமும், அதோடு ஸ்டென்டும் பெற்றவர்களில் 19 சதவீதமும் மரணத்தையோ மாரடைப்பையோ சந்தித்தார்கள். அது பழைய ஸ்டென்ட், புதியது வந்தால் பாருங்கள் என்றார்கள். புதியதை வைத்து 5,179 பேரிடம் நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளிவந்தது: ஆஞ்சியோகிராம் செய்து தமனியைத் திறக்கும் பாதையில் சென்ற குழுவில் 145 பேரும், மருந்தோடு காத்திருந்த குழுவில் 144 பேரும் இறந்திருந்தார்கள். ஆனால் நெஞ்சுவலி குறைவது உண்மை. அதிலும் ஐயம் எழுந்து, பிரிட்டனில் 200 பேரிடம், பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைக்காமலேயே வைத்ததுபோல் நடித்து ஆர்பிட்டா என்ற ஆய்வைச் செய்தார்கள். நிறைய மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம், நடக்கும் திறனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2023-இல் அதே குழுவினர் நெஞ்சுவலியைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்திருந்தது. எனவே நிலையான நோயில் ஸ்டென்ட் என்பது வலியைக் குறைக்கும் சிகிச்சை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. இடது பிரதானத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் இஸ்கீமியாவில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயும் பல தமனிகளில் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கு, 2012-இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் பைபாஸ்தான் உயிர் காப்பதில் முந்தியது: ஐந்தாண்டு மரணம் ஸ்டென்டில் 16.3 சதவீதம், பைபாஸில் 10.9 சதவீதம்.

இன்னொரு மாற்றத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1991 முதல் 2008 வரை ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட 19,000-க்கு மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். ஐந்தாண்டுக்குள் இதயத்தால் இறந்தவர்கள் 9.8 சதவீதத்திலிருந்து 6.6 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். புற்றுநோய், நுரையீரல் நோய் போன்ற பிற காரணங்களால் இறந்தவர்களோ 7.1 சதவீதத்திலிருந்து 11.2 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். மொத்த மரணத்தை மட்டும் பார்த்தவர் சிகிச்சையில் முன்னேற்றமே இல்லை என்று சொல்லிவிடுவார். வயதானவர்களுக்கும் பல நோய் உள்ளவர்களுக்கும் சிகிச்சை விரிந்ததும், இதயம் அவர்களைக் கொல்லாமல் விட்டதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுக்கும் பிறகு சில நடைமுறை விஷயங்களே. மாரடைப்பு வந்து வைக்கச் சொல்கிறார்களா, வலிக்காக வைக்கச் சொல்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். வலிக்காக என்றால் மருந்துகளை முழு அளவில் முயன்று பார்க்க உங்களுக்கு அவகாசம் உண்டு. வைப்பதென்றால் மணிக்கட்டு வழியாகச் செய்கிறார்களா என்று கேளுங்கள். தொடை வழியைவிட ரத்தக்கசிவு அதில் குறைவு, மணல் மூட்டையும் வேண்டாம். அடைப்பு சிக்கலானதாக இருந்தால், தமனிக்குள் படமெடுக்கும் கருவியைப் பயன்படுத்துவார்களா என்றும் கேட்கலாம். கொலம்போ தொடங்கிவைத்த அந்த வழக்கம் செலவு கருதிப் பல இடங்களில் தவிர்க்கப்படுகிறது. ஆனால் கொரியாவில் சிக்கலான அடைப்புகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் அது பின்விளைவுகளை 12.3 சதவீதத்திலிருந்து 7.7 சதவீதமாகக் குறைத்தது. இரட்டை மாத்திரை எத்தனை மாதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நீட்டித்தால் உறைதல் குறையும், ரத்தக்கசிவு கூடும். 2014-இல் வந்த ஆய்வில் 30 மாதம் சாப்பிட்டவர்களுக்கு உறைதல் 1.4-லிருந்து 0.4 சதவீதமாகக் குறைந்தது, கடுமையான ரத்தக்கசிவு 1.6-லிருந்து 2.5 சதவீதமாகக் கூடியது. ரத்தக்கசிவு அபாயம் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு இன்றைய ஸ்டென்டுகளில் ஒரே மாதத்தில் ஒரு மாத்திரையை நிறுத்துவதும் பாதுகாப்பானதே என்று 2021-இல் காட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 2 சதவீதம் என்ற அந்த மெல்லிய ஆபத்தைக் குறைக்க இன்று கையில் இருப்பவை ஸ்டாட்டினும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் சர்க்கரைக் கட்டுப்பாடும் புகையை விடுவதுமே.

அப்படியும் ஸ்டென்டுக்குள் மறுபடி சுருங்கினால் என்ன செய்வது என்ற கேள்வியும் உங்களுக்கு இருக்கும். அன்று அதற்கு இருந்த வழிகள் மீண்டும் பலூன், ஸ்டென்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட், கதிர்வீச்சு, பைபாஸ் என்பவைதான். இப்போது மருந்து தடவிய பலூனை ஊதி, மருந்தைச் சுவரில் பதித்துவிட்டு, புதிய உலோகம் எதையும் விட்டுவைக்காமல் வெளியே எடுக்கலாம். அமெரிக்காவில் 600 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் அதே இடத்தில் மீண்டும் தோல்வி கண்டவர்கள் சாதாரணப் பலூனில் 28.6 சதவீதம், மருந்து பலூனில் 17.9 சதவீதம். அதில் கணிசமானவர்களுக்கு ஏற்கெனவே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று ஸ்டென்டுகள் இருந்தன என்பதால், முதல்முறை சுருங்கியவருக்கு இதைவிட நல்ல பலனை எதிர்பார்க்கலாம்.